ஒலிவ மரத்து அவுலியாவும் பஞ்சர் கடை ஜிலாலியும்

முதலில் சக்கரத்தைக் கழற்றிவிடுவார். பேச்சு அதற்கு அப்புறம்தான். சக்கரம் கழன்ற வண்டிக்காரன் எங்கே ஓடிவிடப் போகிறான்? ஜாக்கி மேல் நொண்டிக்கொண்டு நிற்கும் வண்டியைப் பார்த்தபடி, ஜிலாலி நீட்டுகிற புதினாத் தேநீரை வாங்கிக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட ரிம்மின் மேல் உட்கார்ந்துதான் தீரவேண்டும். அவர் டியூபை உருவித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டே ஆரம்பிப்பார்.

"ஆதியில திருடன்தான் இருந்தான் தம்பி. அவுலியா எல்லாம் அவனுக்கப்புறம் வந்தவங்க."

இறைநேசர்களான அவுலியாக்களைத் திருடனுக்குப் பின்னால் நிறுத்தினால் புது ஆளுக்குத் தேநீர் புரையேறும். பழைய ஆள் என்றால், "ஆரம்பிச்சுட்டாருய்யா" என்று சாலையைப் பார்ப்பான். பெனி மெல்லால் சாலையிலிருந்து செவ்வாய்ச் சந்தைக்குப் பிரிகிற முக்கில் அந்தக் கடை. மலையிலிருந்து இறங்குகிற லாரிகளுக்கு அங்கே வந்ததும் டயர் வெடித்தாக வேண்டும் என்று ஏதோ விதி இருக்கிறது. ஆகவே ஜிலாலிக்கு வேலைக்கும் பஞ்சமில்லை, காதுகளுக்கும் பஞ்சமில்லை.

ஆள் நெட்டை. கொஞ்சம் கூன். வெயிலோ குளிரோ கம்பளித் தொப்பி தலையை விட்டு இறங்காது. கன்னத்திலும் நெற்றியிலும் தோலுக்கு அடியில் நீல நிறப் பொட்டுகள் இருக்கும். இளமையில் பிரான்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தபோது உள்ளே போன கரி அது. எந்த சோப்புக்கும் வெளியே வராது. அங்கிருந்து அவர் கொண்டுவந்த சொத்து இரண்டு. ஒன்று இருமல், இன்னொன்று இந்தக் கொள்கை. காற்றழுத்தம் பார்க்கக் கருவி வைத்திருக்கிறார். ஆனால் அதை நம்பமாட்டார். டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, "போதும், போ" என்பார்.

கருவியை நம்பாதவர், கனவை நம்பாதவர், கண்ணேறை நம்பாதவர், ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பயப்படுவார். கடைக்குள் யாராவது விசில் அடித்தால் கையிலிருக்கிற இரும்பு நழுவிவிடும். "ஏய், நிறுத்து! வெளிய போய் ஊது!" சுரங்கத்துக்குள் விசில் அடித்தால் கூரை இறங்கும் என்பது அந்த ஊர்த் தொழிலாளிகளின் நம்பிக்கை. "இங்க எங்க கூரை இருக்கு? தகரம்தானே இருக்கு?" என்று அவர் மனைவி யாமினா கேட்பாள்.

கொள்கை இதுதான். உலகத்தில் முதன்முதலாகத் தானியம் சேர்த்தவன் ஒருவன் இருந்தான். அவனுக்குத் தாகம் எடுத்தது. தண்ணீருக்குப் போனால் தானியம் போய்விடும். தானியத்தைக் காத்தால் தாகத்தில் உயிர் போய்விடும். யோசித்தான். பக்கத்துக்காரனைக் கூப்பிட்டு, "நான் போறேன். ஆனா இங்க ஒருத்தர் உக்காந்திருக்கார். உன் கண்ணுக்குத் தெரியமாட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

"அவ்வளவுதான் தம்பி. தூங்காத காவல்காரன். கூலி கேக்கமாட்டான், சோறு கேக்கமாட்டான், சொந்தத் தேவைக்கு ஒரு பிடி எடுக்கமாட்டான். இப்படி ஒரு ஆள் கிடைச்சா எந்த முதலாளி விடுவான்? அப்புறம் அந்தக் காவல்காரன் என்ன சொல்றான்னு எடுத்துச் சொல்ல ஒருத்தன் வந்தான். அவனுக்கு வயிறு இருந்தது. அதுலேருந்துதான் ஆரம்பிச்சுது எல்லாத் தொல்லையும்."

ஆளுக்குத் தகுந்தபடி கொள்கையின் நீளம் மாறும். பள்ளிக்கூட வாத்தியாருக்கு முழுசாகச் சொல்வார். போலீஸ்காரருக்குத் தானியத்தோடு நிறுத்திக்கொள்வார். இமாமின் மொபெட் பஞ்சராகி வந்தால் மழையைப் பற்றி மட்டும் பேசுவார். யாராவது முகம் சுளித்தால் உடனே கையை உயர்த்திவிடுவார். "நான் படைச்சவனைச் சொல்லலப்பா. அவன் பெரியவன். அவன் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்கானுங்க பாரு, அவனுங்களைச் சொல்றேன்."

இந்தக் கொள்கைக்கு அவரிடம் கண்கண்ட சாட்சி ஒன்று இருந்தது. கடையின் பின்சுவரைத் தாண்டினால், ஒலிவ மரங்களுக்கு நடுவே வெள்ளை வெளேரென்று நின்றது. அதைப் பற்றித்தான் அவர் வாயே திறக்கமாட்டார்.

முன்பெல்லாம் அந்தப் பின்சுவர்தான் சந்தைக்கு வருகிற ஆண்பிள்ளைகள் அவ்வளவு பேருக்கும் மூத்திரச் சந்து. ஒலிவக்காய் பழுக்கும் முன்னே களவு போகும். கோழி இறகு, அழுகின தக்காளி, செத்த பூனை எல்லாம் அங்கேதான் வந்து விழும். பலகை எழுதி வைத்தார்; பலகை மேலேயே அடித்தார்கள். திட்டிப் பார்த்தார், இருமல்தான் மிச்சம். கடைசியில் ஒரு நாள் காலை, வீட்டுக்கு அடித்தது போக மிஞ்சின சுண்ணாம்பு ஒரு வாளி இருந்தது. வெடித்துப்போன லாரி டயர் ஒன்றை மரத்தடியில் கிடத்தி, அதன் மேல் கல்லைக் குவித்து, சுண்ணாம்பை அடித்து, கிழிந்த பச்சைத் துணி ஒன்றைக் குச்சியில் கட்டி, அவுலியா ஒருவரின் கபுரில், சமாதியில், நடுகிற மாதிரி நட்டுவிட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை.

அடுத்த சந்தையன்று, மலையிலிருந்து வந்த கிழவி ஒருத்தி அந்த இடத்துக்கு வந்ததும் செருப்பைக் கழற்றினாள். அதற்கடுத்த சந்தைக்குள் அவுலியாவுக்குப் பெயரும் வந்துவிட்டது: ஸீதி ஸைத்தூன், ஒலிவ மரத்து ஆண்டகை. யாருக்கோ கனவில் வந்தாராம். யாருடைய பாட்டனாரோ இந்தக் கபுரைப் பற்றிச் சிறு வயதிலேயே சொல்லியிருக்கிறாராம். சுவர் காய்ந்தது. காய் பழுத்தது. ஜிலாலியும் யாமினாவும் அன்றைக்கு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"திருடன்தான் முதல்லன்னு சொன்னேனா இல்லையா?"

"மூத்திரம் பெஞ்சவன்தான் முதல்லன்னு மாத்திச் சொல்லுங்க" என்றாள் யாமினா.

அவுலியா என்று ஆகிவிட்டால் அவருக்குரிய வேலைகளும் வந்து சேரும். அந்தப் பக்கத்து வழக்கம் அது. ஏரோ, விதை மூட்டையோ, காஸ் சிலிண்டரோ, சுமக்க முடியாததை ஓர் அவுலியாவின் எல்லைக்குள் வைத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம். பொருளுக்குரியவர் வந்து ஸலாம் சொல்லி எடுக்கும்வரை வேறு கை அதன் மேல் படாது. மழை வந்தாலும் படாது, ஆடு வந்து மேய்ந்தாலும் படாது. எடுத்தவன் கை விளங்காமல் போகும். சந்தைக்கு வருகிற பெண்கள் வாங்கின சாமான்களை ஸீதி ஸைத்தூனிடம் விட்டுவிட்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு மறுபடி கூட்டத்துக்குள் போவார்கள். கடைக்குள்ளிருந்து ஜிலாலி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். தான் பெற்ற பிள்ளை உத்தியோகத்துக்குப் போகிற மாதிரி ஒரு பெருமை அவர் முகத்தில் இருக்கும்.

சில வருஷங்களுக்கு முந்தின குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஹாஜ்ஜா மஹ்ஜூபா தன் மகன் கல்யாணத்துக்காக நெய்து வாங்கின கம்பளியைத் துணியில் சுற்றி அங்கே வைத்தாள். ஊரில் வசதியான பெண்பிள்ளை. வாயும் வசதியாக வாய்த்தவள். அவள் சந்தைக்குள் போன சற்று நேரத்தில் மழை கொட்டியது. மூட்டை நனைவதைக் கடையிலிருந்து ஜிலாலி பார்த்தார். சந்தையில் வேறு யார் பார்த்திருந்தாலும் பார்த்துக்கொண்டேதான் நின்றிருப்பார்கள். அவருக்குத்தான் அது கல் என்று தெரியுமே! போய்த் தூக்கிவந்து, பின்னறையில் அடுக்கியிருந்த பழைய டிராக்டர் டயர் ஒன்றின் குழிக்குள் திணித்தார். அவள் வந்ததும் கொடுத்தால் போகிறது.

அதற்குள் ஒரு வேன்காரன் ஓடிவந்தான். மேலே கணவாயில் லாரி ஒன்று இரண்டு டயரும் போய் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறதாம். கடையை இழுத்துப் பூட்டிவிட்டு ஜிலாலி அவனோடு ஏறிப் போனார். நாள் முழுக்க மழையில் மல்லாந்து கிடந்து வேலை பார்த்தார். அங்கேயே நெஞ்சு பிடித்துக்கொண்டது. நேராக வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கையில் போட்டார்கள். காய்ச்சலில் கிடந்தவருக்குக் கம்பளியும் நினைவில்லை, கடையும் நினைவில்லை. யாமினா அவர் நெஞ்சுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டோடு கிடந்தாள்.

எழுந்து நடமாடிக் கடையைத் திறந்த அன்றைக்கு முதல் ஆளாக வந்தவர் ஹம்மாதி. கசாப்புக்காரர், ஜமாஅத்தின் பெரியவர். அவருடைய வண்டியின் சக்கரத்தைக் கழற்றினார் ஜிலாலி. ஆனால் அன்று பேசினவர் ஹம்மாதிதான்.

"நீ படுத்துட்டே, பெரிய கூத்தை விட்டுட்டேப்பா. ஹாஜ்ஜா கம்பளியைக் காணோம். ஸீதி ஸைத்தூன் எல்லைக்குள்ள களவு! முட்டைக்காரி ஒருத்தி, இத்தோன்னு பேரு, மேல் கிராமத்துக்காரி, தெரியுமில்ல? அவ கூடையை அதுக்குப் பக்கத்துலதான் வெச்சிருந்தா. கடைசியா வந்து எடுத்தவளும் அவதான்."

ஜிலாலியின் கை தொட்டிக்குள் அப்படியே நின்றுவிட்டது.

"அவ எடுக்கலேன்னா?"

"நாங்களும் அதைத்தான் சொன்னோம். எடுக்கலேன்னா கல்லு மேல கை வெச்சு ஒரு சத்தியம் பண்ணு, முடிஞ்சுதுன்னோம். மாட்டேங்கறா! அழுவறா, மண்ணுல புரள்றா, சத்தியம் மட்டும் பண்ணமாட்டாளாம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? இனிமே சந்தைக்குள்ள கடை போடக்கூடாது, கழுதை கட்டற இடத்துல உக்காருன்னு சொல்லிட்டோம். கையை எடுக்கல, நாக்கை அறுக்கல. நம்ம ஜமாஅத் தயவானதுதான்."

அவர் போன பிறகு ஜிலாலி பின்னறைக்குப் போய் டயர் குழிக்குள் கையை விட்டார். கம்பளி இருந்தது. கதகதப்பாக, ஈரம் காய்ந்து, அவர் வைத்தபடியே இருந்தது.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவுலியாவின் எல்லையிலிருந்து எப்படி எடுத்தாய் என்று கேட்பார்களே. பயம் வரவில்லையா என்று கேட்டால், ஏன் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பைச் சொல்ல வேண்டும். டயரைச் சொல்ல வேண்டும். இத்தனை நாள் மலைப் பெண்கள் வந்து முத்தமிட்ட கல்லுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று சொன்னால் கல்லாலேயே அடிப்பார்கள். இதெல்லாம் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணங்கள். இன்னொன்றும் இருந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசும்.

ஆகவே அவர் கெட்டிக்காரத்தனமாகவே ஒன்று செய்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் பள்ளிவாசலுக்குள் இருந்தார்கள். நெஞ்சு வலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டவர், சந்து வழியாக வந்து, கம்பளியைக் கொண்டுபோய்க் கல்லடியில் வைத்துவிட்டார். பொருள் கிடைத்துவிட்டால் பழி தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

கணக்கு எப்படிப் போயிற்று என்றால், தொழுகை முடிந்து வந்த கூட்டம் கம்பளியைக் கண்டது, வீடுகளிலிருந்து குலவை எழுந்தது. "ஆண்டகை திருடிகிட்டேருந்து பிடுங்கிட்டு வந்துட்டாரு!" ஜும்மா நேரத்தில் ஆண்கள் யாரும் வெளியே இல்லை. அப்படியானால் கொண்டுவந்து வைத்தது பெண்பிள்ளைதானே? பயம் தாங்காமல் இத்தோதான் வைத்துவிட்டு ஓடியிருக்கிறாள். அதுவரைக்கும் சந்தேகமாக இருந்தது, அன்றோடு தீர்ப்பாகிவிட்டது. அவள் நடந்த வழியில் பெண்கள் துப்பினார்கள். மாசமாக இருந்த அவள் மகளை மாமியார் வீட்டில், "திருட்டு ரத்தம் எங்க வீட்டுல பிறக்க வேணாம்" என்று சொல்லிக் கழுதை மேல் ஏற்றித் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த செவ்வாயன்று ஜிலாலி கழுதை கட்டுகிற இடத்துக்குப் போனார். சாணத்துக்கு நடுவே சாக்கை விரித்து இத்தோ உட்கார்ந்திருந்தாள். கூடையில் முட்டை அப்படியே இருந்தது. நாற்பது வயசு இருக்கும். முகவாயில் பச்சை குத்தின கோடு. கண் வீங்கியிருந்தது.

"முட்டை வேணும் இத்தோ."

"வாங்க மாமா. நீங்க ஒருத்தராவது வந்தீங்களே. உங்க பெத்தவங்களுக்கு அல்லா ரஹ்மத் செய்யட்டும்."

முட்டையைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார். "ஏம்மா, நீதான் எடுக்கலியே. சத்தியம் பண்ணிட்டுப் போறதுதானே?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்கப்பா ஒருதரம் ஆட்டுத் தகராறுல அவுலியா மேல கைய வெச்சாரு மாமா. உண்மையைத்தான் சொன்னாரு. வருஷம் திரும்பறதுக்குள்ள ரெண்டு கண்ணும் போச்சு. அவங்க பேரை இழுத்தாலே விலை குடுக்கணும், உண்மையா பொய்யான்னு அவங்க பாக்கறதில்ல. எனக்குன்னா பண்ணிருப்பேன். என் பொண்ணு வயித்துல பிள்ளை இருக்கு. அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

முட்டையை ஜில்லாபா என்கிற நீள அங்கியின் முதுகுத் தொப்பியில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். அன்று இரவு யாமினா அதை அவித்து உப்பும் சீரகமும் தூவி வைத்தாள். அவர் தொடவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, தட்டை எடுத்துப் பூனைக்கு வைத்தாள்.

"உங்க அவுலியாவுக்குத்தான் வாய் கிடையாது. நாம ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்ச சிரிப்பு அது, எனக்கும் பங்கு இருக்கு. ஆனா உங்களுக்குமா வாய் இல்லாமப் போச்சு? சக்கரத்தைக் கழட்டிட்டா மட்டும்தான் பேச்சு வருமா?"

மறு சந்தையன்று அவர் பேசினார். ஹம்மாதியின் கசாப்புக் கடைக்கு முன்னால், சந்தை நிறைந்து நிற்கும் நேரத்தில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். அவர் தலை வழுக்கை என்று பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கம்பளியை எடுத்தது நான். மழைக்கு உள்ள கொண்டு வெச்சேன். காய்ச்சல்ல மறந்துட்டேன். திருப்பி வெச்சதும் நான்தான். இத்தோவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

பிறகு ஹம்மாதி கத்தியை மரத்தில் குத்திவிட்டு வந்து அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நல்ல மனசுப்பா உனக்கு. ஒரு ஏழைப் பொம்பளைக்காகப் பழியைத் தூக்கித் தலையில வெச்சுக்கறியே. அல்லா உனக்கு நன்மையைத் தருவான். ஆனா பொய் பொய்தான்."

"பொய் இல்லைய்யா! நான்தான் எடுத்தேன்!"

"ஆண்டகை எல்லையிலேருந்து எடுத்தவன் கை இப்படியா இருக்கும்? காட்டு பாப்போம். டயர் நெம்பற லீவர் பிடிக்கற கை, திடமாத்தானே இருக்கு?"

கூட்டம் சிரித்தது. பரிவான சிரிப்புதான். அது அவரை இன்னும் கொன்றது. கெஞ்சக் கெஞ்ச அவர் நல்லவராகிக்கொண்டே போனார். கடைசியில் குரல் கிறீச்சிட்டது.

"அது அவுலியா இல்லைய்யா! கல்லு! நான் குவிச்ச கல்லு! என் வீட்டுச் சுண்ணாம்பு! அடியில வெடிச்ச டயர் கிடக்கு, தோண்டிப் பாருங்க!"

யாருக்கும் கோபம் வரவில்லை. அடி விழும் என்றுதான் அவர் கண்ணை இறுக்கிக்கொண்டு நின்றார். அடி விழவில்லை. ஹம்மாதி மெல்லத் தலையை ஆட்டினார்.

"இருக்கட்டும்ப்பா. நீதான் குவிச்சே. சரி. ஊர்ல இத்தனை பேர் இருக்கையில உன் கையில சுண்ணாம்பு வாளியைக் குடுத்தது யாரு? இத்தனை மரம் இருக்கையில அந்த மரத்தடியைக் காட்டினது யாரு? தனக்கு ஒரு இடம் வேணும்னு அவரு நெனச்சாரு, உன்னை வேலை வாங்கிட்டாரு. உனக்கே தெரியாம."

"அல்லாஹு அக்பர்" என்றார் பின்னாலிருந்து யாரோ. நிஜமாகவே மெய்சிலிர்த்துப்போய்ச் சொன்னார்.

அப்போது ஹாஜ்ஜா மஹ்ஜூபா கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். "பேச்சு எதுக்கு? நிஜம்னா சத்தியம் பண்ணட்டும். கல்லு மேல கை வெச்சுச் சொல்லட்டும், நான் நம்பறேன். முட்டைக்காரி கால்ல விழச் சொன்னாலும் விழறேன்."

ஜிலாலி முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஆயிரம் பேரிடம் சொன்ன கொள்கையும், இப்போது தொண்டை கிழியச் சொன்ன உண்மையும் அந்தச் சந்தையில் செல்லாக்காசு. அங்கே செல்லுபடியாவது ஒன்றே ஒன்றுதான். அதை அடித்து வெளியே விட்டவரும் அவர்தான்.

கூட்டத்தின் ஓரத்தில் இத்தோ நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அவர் சொன்னது அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது. அவர் அவளைப் பார்த்தார். அவள் நிதானமாகக் கேட்டாள்:

"நிசமாவே வெறும் கல்லா மாமா?"

"கல்லுதாம்மா."

"இந்தக் கல்லுக்குப் பயந்தா நான் சாணத்துல உக்காந்தேன்? என் பொண்ணு கழுதையில ஏறி வந்தா?"

அவர் குனிந்து கையிலிருந்த தொப்பியைப் பார்த்தார்.

"அப்ப உங்களுக்கென்ன? போய்ச் சத்தியம் பண்ணுங்க" என்றாள்.

ஊரே பின்னால் வந்தது. ஒலிவ மரத்தடிக்கு வந்ததும் ஜிலாலி நின்றார். யாரும் சொல்லாமலே அவர் கால்கள் செருப்பை விட்டு வெளியே வந்தன. அதை அவரே குனிந்து பார்த்துக்கொண்டார். கல்லின் மேல் வலது கையை வைத்தார். ஹம்மாதி வாசகத்தை எடுத்துக் கொடுத்தார். அவர் திருப்பிச் சொன்னார்.

"இந்த இடத்துக்குச் சொந்தக்காரர் மேல ஆணையா. இங்க அடங்கியிருக்கறவர் மேல ஆணையா. நான் சொல்றது பொய்யானா என் கை விளங்காமப் போகட்டும், என் கண்ணு அவிஞ்சு போகட்டும். கம்பளியை எடுத்தவன் நான். இத்தோ இல்ல."

அடங்கியிருக்கிறவர் என்கிற இடத்தில் அவர் கண்ணுக்கு முன்னால் அந்த லாரி டயர்தான் வந்தது. பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்த டயர். கை நடுங்கியது. கூட்டம் அதைப் பார்த்தது. அவுலியாவின் வலிமை என்று நினைத்துக்கொண்டது. அது வெட்கம். இத்தனை வயசுக்குப் பிறகு, ஒரு பெண்ணுக்கு நியாயம் கிடைக்கத் தன் பொய்யின் காலிலேயே விழ வேண்டியதாயிற்றே என்கிற வெட்கம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஹாஜ்ஜா மஹ்ஜூபா இத்தோவின் தலையில் முத்தமிட்டு மன்னிப்புக் கேட்டாள். அவள் இடம் சந்தைக்குள் திரும்பக் கிடைத்தது. மாமியார் வீட்டார் சமாதானத்துக்குக் கொடுக்கிற சர்க்கரைக் கூம்போடு வந்து மகளை அழைத்துப்போனார்கள். பிள்ளை சுகமாகப் பிறந்தது. ஸீதி ஸைத்தூனின் புகழ்தான் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. "பஞ்சர் கடைக்காரர் வாயிலேருந்தே உண்மையைப் பிடுங்கினவரு" என்று மலையின் அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிக்கிற பாக்கியத்தை ஜமாஅத் ஒருமனதாக ஜிலாலிக்கே கொடுத்திருக்கிறது. மறுக்க அவரிடம் என்ன வார்த்தை மிச்சமிருக்கிறது? வாளியைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போய் அடித்துவிட்டு வருகிறார்.

இப்போதும் முதலில் சக்கரத்தைத்தான் கழற்றுகிறார். தேநீரும் கொடுக்கிறார். "அந்தத் திருடன் கதையைச் சொல்லுங்க மாமா, வழிநெடுக யோசிச்சுக்கிட்டே வந்தேன்" என்று பழைய லாரிக்காரன் யாராவது கேட்டால், டியூபைத் தண்ணீருக்குள் இன்னும் ஆழமாக அமுக்கிக்கொள்கிறார்.

இத்தோ செவ்வாய்தோறும் வருகிறாள். இப்போது சொந்தமாகக் கழுதை வண்டி வைத்திருக்கிறாள். எல்லோருக்கும் போல ஸலாம் சொல்வாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள். போன வாரம் நேரம் கழித்து வந்தாள். இடமில்லாமல் வண்டியை ஒலிவ மரங்களுக்குப் பக்கத்துச் சரிவில் நிறுத்தினாள். கழுதையை அவிழ்த்ததும் வண்டி பின்னுக்கு உருள ஆரம்பித்தது. ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, முட்டுக் கொடுக்க ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிலும் பார்த்தாள். கடையின் பின்கதவில் நின்றிருந்த ஜிலாலியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தபடியே கையை நீட்டி, ஸீதி ஸைத்தூனின் அடிவரிசையிலிருந்து வெள்ளைக் கல் ஒன்றை உருவிச் சக்கரத்துக்கு அடியில் வைத்தாள். காலால் ஒரு தட்டுத் தட்டி, கல் பிடித்துக்கொண்டதா என்று பார்த்தாள். பிறகு முட்டைக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குள் போய்விட்டாள்.

யாராவது பார்த்தால் மறுபடி அவளுக்குத்தான் வம்பு. அதற்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை என்று சொல்லிக்கொண்டே ஜிலாலி கடையிலிருந்து மரக்கட்டை ஒன்றை எடுத்துப் போனார். கட்டையைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டுக் கல்லை எடுத்தார். ஒட்டியிருந்த மண்ணை ஊதினார். இருந்த இடத்திலேயே திரும்பப் பொருத்தினார். சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் கல்லைத் தொட்ட விரல்களை உதட்டில் ஒற்றிக்கொண்டார்.